வயசுக்கேத்த உடுப்பு என்றொரு தடை

ஆம்பூரில் ஒரு பெண் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இதுவரை உடுத்தாத நிறத்தில் ஒரு சேலை எடுத்துவிட்டால் அது தெருப் பேச்சாகிவிடுகிறது. ‘பொண்ணைக் கட்டிக் குடுக்கிற வயசுல இவளுக்கு இன்னா அலங்காரம்?’ என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். படித்த வீடுகளில் இதையே மெருகேற்றிச் சொல்கிறார்கள்: நடுவயது நெருக்கடி, கவனம் தேடுவது, செல்போனில் ரீல்ஸ் பார்த்து வந்த வினை. ஆண்களையும் விடுவதில்லை. தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருஷம் டிரம் பக்கத்தில் நின்ற மனிதர் ஐம்பது வயதில் சட்டைக் காலர் எப்படி அமைய வேண்டும் என்று தையல்காரரிடம் நின்று பேசினால், வீட்டில் கவலையோடு பார்க்கிறார்கள். எல்லோரும் வந்து சேரும் முடிவு ஒன்றுதான்: உடையில் ஆசை வைக்கும் காலம் இளமை, அது போனபின் முளைக்கிற ஆசை கோளாறு.

இந்தக் கருத்தை நான் முழுதாக மறுக்கிறேன். பாலாற்றுப் படுகையில் ராணிப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்தத் தோல் வட்டாரத்தில், உலகத்தின் கால்களுக்கு அழகு செய்து அனுப்புவதையே பிழைப்பாகக் கொண்ட ஊர்களில், அந்த வேலையைச் செய்கிறவர்களைப் பார்த்து ‘உனக்கெதற்கு அழகு’ என்று கேட்பது பெரிய அநியாயம். அது பொதுப்புத்தியாக நடமாடுவதால்தான் அதன் ஒவ்வொரு வாதத்தையும் எடுத்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் வாதம், ‘ஆசைப்பட வேண்டிய வயசில் ஆசைப்பட்டிருக்கணும்’ என்பது. எந்த வயசில்? இங்கே ஒரு பெண்ணின் உடையை இருபத்தைந்து வயதுவரை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள். பள்ளிக்கூடச் சீருடை அரசாங்கம் கொடுத்தது. தீபாவளிக்கோ ரம்ஜானுக்கோ கிறிஸ்துமஸுக்கோ எடுத்த துணி, அக்கா தங்கைகள் எல்லோருக்கும் ஒரே தானிலிருந்து கிழித்தது. பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்து ஷூ கம்பெனியில் சேர்ந்தபோது மேலே போட்டுக்கொள்ள கம்பெனி ஒரு கோட்டு கொடுத்தது. சம்பளம் அம்மா கைக்குப் போய், சீட்டாகி, நகையாகி, அவள் கல்யாணத்துக்கே செலவானது. முகூர்த்தப் புடவையின் நிறத்தை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அதற்குப் பிறகு ‘சீக்கிரம் காயணும், கறை தெரியக் கூடாது, வண்டி வர்றதுக்குள்ள கட்டி முடிக்கணும்’ என்ற மூன்று கணக்குகள்தான் அவள் உடையைத் தீர்மானித்தன. மாதனூர், ஒடுகத்தூர், ஆலங்காயம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடியும் முன்பே கம்பெனி வண்டி ஏறுகிறவளுக்கு வேறு கணக்குப் போட நேரம் ஏது?

நாற்பதைத் தாண்டும்போதுதான் இந்தப் பிடி கொஞ்சம் தளர்கிறது. மகளிர் குழுக் கடன் அடைகிறது. மூத்த பிள்ளை வேலைக்குப் போகிறது. கணக்குக் கேட்க ஆளில்லாத கொஞ்சம் பணம் வாழ்க்கையில் முதல்முறையாகக் கைக்கு வருகிறது. ‘எனக்கு என்ன பிடிக்கும்’ என்ற கேள்வி அவளுக்குள் எழுவதே அப்போதுதான். இழந்த இளமையைத் திரும்பப் பிடிக்க ஓடுகிறாள் என்று இதைச் சொல்கிறவர்களுக்கு ஒரு சின்ன விவரம் தெரியவில்லை: அந்த இளமையில் அவளுக்கு என்று ஒன்றுமே இருந்ததில்லை. திரும்பப் பிடிக்க எதுவும் இல்லாதவள் புதிதாகத் தொடங்குகிறாள். அவ்வளவுதான்.

இது வெறும் மினுக்கு என்பது இரண்டாவது வாதம். அதற்குப் பதில் உடம்பு. பிள்ளை பெற்றபின் பாதம் அகலமாகிறது. நாள் முழுக்கக் கம்பெனி லைனில் நின்றால் சாயங்காலம் கால் வீங்குகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடம்பு திடீரென்று கொதித்து வேர்க்கிறது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில், அந்த உடம்பின் மேல் பாலியஸ்டர் சேலை எப்படி இருக்கும் என்று உடுத்தியவர்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு வயதில் தைத்த அளவு ஜாக்கெட்டை வைத்துக்கொண்டு ஐம்பது வயது உடம்புக்குத் துணி தைக்க முடியாது. புதிய உடம்பு வந்திருக்கிறது, அதற்கு என்ன பொருந்தும் என்று புதிதாகக் கற்க வேண்டும். அந்தக் கற்றலுக்கு ‘மினுக்கு’ என்று பெயர் வைப்பது, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வதை ஆடம்பரம் என்று சொல்வது போன்றது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதைக் கவனிப்பதில்லை. உள்ளூர்க்காரர்கள் தினமும் பார்த்துப் பழகியதால் மறந்துவிட்டார்கள். இந்த வட்டாரத்தில் நடுவயதில் வரும் உடை ஆர்வம் வெறும் ஆசையாக வருவதில்லை. அது பெரும்பாலும் கைப்பழக்கத்திலிருந்து வருகிறது.

ஷூ கம்பெனியில் கட்டிங் மேசையில் நிற்கிறவருக்கு ஒரு தோலைப் படிக்கத் தெரிய வேண்டும். முதுகுப் பகுதி இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பகுதி இழுபடும். ஷூவின் முன்முகத்துக்கு முதுகிலிருந்து வெட்ட வேண்டும். உள்ளே மறையும் நாக்குக்கு வயிறு போதும். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு, ரத்த நரம்பு ஓடிய தடம் எல்லாவற்றையும் ஒதுக்கி, இழுவை எந்தப் பக்கம் என்று கையால் இழுத்துப் பார்த்து, இரண்டு கால்களுக்கும் ஒரே நிறமும் ஒரே தடிப்பும் வருமாறு ஜோடி சேர்க்க வேண்டும். ஸ்டிட்சிங்கில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஓர் அங்குலத்தில் எத்தனை தையல் விழ வேண்டும் என்று கண்ணே சொல்லும். ஓரம் சீவிய தோல் ஒரு நூல் தடித்துவிட்டால் மடிப்பு புடைக்கும் என்று விரல் சொல்லும். இப்படிப்பட்ட கண்ணும் விரலும் இருபது வருஷம் வேலை செய்தால் உண்டாகிறவை. இருபது வயதுப் பெண்ணிடம் அவை இருக்க வழியில்லை.

என் அண்ணி ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறார். ஆம்பூரில் ஒரு துணிக்கடையில் அவர் குர்த்தா பார்த்த விதத்தை நான் கூட இருந்து பார்த்தேன். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கையில் எடுத்ததும் உள்பக்கமாகத் திருப்பினார். கைக்குழியில் இரண்டு துணியும் சேரும் இடத்தில் கட்டைவிரலை வைத்து லேசாக இழுத்தார். தையல் வாய் திறந்தது. ஓரத்தில் பிரித்து விட எவ்வளவு துணி மடக்கி வைத்திருக்கிறார்கள் என்று நகத்தால் அளந்தார். பக்கத் தையலில் பூ வேலை பாதியாக வெட்டுப்பட்டு அடுத்த பாதியோடு சேராமல் நின்றது. ‘இது ரிஜெக்ட்’ என்று மடித்து வைத்தார். அடுத்ததை எடுத்தபோது கடைப் பையன், ‘அம்மா, உங்க வயசுக்கு அந்த ரேக்குல பாருங்க, லைட் கலரா இருக்கும்’ என்றான். அண்ணி கோபப்படாமல், ‘வயசுக்கு இல்ல தம்பி, உடம்புக்கு எடுக்க வந்திருக்கேன்’ என்று சொல்லிவிட்டு அடுத்த தையலைப் பார்க்க ஆரம்பித்தார். கடைசியில் அவர் வாங்கியது கரும்பச்சையில் ஒரே ஒரு பருத்திக் குர்த்தா.

இருபது ஆண்டுகளாக அடுத்தவர் காலுக்கும் அடுத்தவர் கண்ணுக்கும் பழகிய திறமை, நடுவயதில் தன் பக்கம் திரும்பியிருக்கிறது. அதைத்தான் நாம் ‘புதுசா என்ன இது’ என்று கேட்கிறோம். புதுசு எதுவும் இல்லை. அந்த அறிவை இதுவரை விற்றுக்கொண்டிருந்தவள், இப்போது தனக்கும் கொஞ்சம் வைத்துக்கொள்கிறாள். புர்காவுக்குள் என்ன ஸ்டைல் வேண்டியிருக்கிறது என்று கேட்கிறவர்களும் இதே ஊர்ப் பெண்களைச் சரியாகப் பார்த்ததில்லை. துணி எப்படி விழுகிறது, கைமுனையில் என்ன வேலைப்பாடு, வெயிலுக்கு எது காற்று விடும் என்று அவர்கள் கடையில் நின்று பேசுவதைக் கேட்டால், உடையைப் பற்றி எவ்வளவு நுட்பமாக யோசிக்கிறார்கள் என்று புரியும்.

அடுத்து வருவது எளிமை வாதம். ‘பெரிய மனுஷங்க எல்லாம் எளிமையா இருந்தாங்க, உடையைப் பத்திக் கவலைப்படலை’ என்கிறார்கள். தமிழ்நாட்டுப் பொதுவாழ்வின் வரலாறு தெரிந்தவர்கள் இதைச் சொல்ல முடியாது. காந்தி முழங்கால் வேட்டிக்கு மாறியது 1921 செப்டம்பர் 22 அன்று, மதுரை மேலமாசி வீதியில். அப்போது அவருக்கு வயது 51. உடையைப் பற்றிக் கவலைப்படாத மனிதரா அவர்? இந்தியாவில் உடையைப் பற்றி அவரளவுக்கு யோசித்தவர்கள் மிகக் குறைவு. பத்து ஆண்டுகள் கழித்து லண்டனில் அரசரைச் சந்திக்கப் போனபோதும் அந்த உடையை மாற்ற மறுத்தார். பெரியார் நாற்பதை ஒட்டிய வயதில் காங்கிரஸில் சேர்ந்தபோது கதருக்கு மாறினார். கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றார். கருஞ்சட்டை அவருக்கு அடையாளமானது அறுபத்தைந்தைத் தாண்டிய பிறகு. எம்.ஜி.ஆரின் வெள்ளைத் தொப்பி அவர் ஐம்பதைக் கடந்தபின் வந்தது. கலைஞரின் மஞ்சள் துண்டு எழுபதுக்குப் பிறகு வந்தது.

நடுவயதிலும் முதுமையிலும் தன் உடையைத் தானே தீர்மானித்து மாற்றிக்கொண்ட ஆண்களை நாம் தலைவர்களாகக் கொண்டாடுகிறோம். அவர்கள் உடை மாறிய நாளுக்கு விழா எடுக்கிறோம், சிலை வைக்கும்போதும் அந்த உடையோடுதான் வைக்கிறோம். அதே வயதில் மாதனூர்ப் பெண் ஒருத்தி தன் உடையைத் தானே தீர்மானித்தால் மட்டும் அது கோளாறாகிவிடுகிறது. அவர்களுக்குக் கொள்கை இருந்தது, இவளுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தன் உடம்பின் மேல் எது இருக்க வேண்டும் என்பதைத் தான் முடிவு செய்வேன் என்பதும் ஒரு கொள்கைதான். அதற்காக இந்த மண்ணில் ரத்தம் சிந்தியிருக்கிறார்கள்.

திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். 1859 ஜூலை 26 அன்று அரசாணை வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் உடுத்தக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள்மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூவும் மஞ்சளும் வைக்கக் கூடாது, தங்க நகையும் வெள்ளி நகையும் அணியக் கூடாது. தோலைப் பதப்படுத்துகிறவர்களும் செருப்புத் தைக்கிறவர்களும் ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்த நாடு இது. தோல் வேலை செய்கிறவர்களின் குடும்பங்களில் பலருக்கும் இது தாத்தா பாட்டி சொன்ன கதையாக இன்னும் நினைவிருக்கிறது.

இப்படிப்பட்ட தடைகள் நாடெங்கும் இருந்ததால்தான் அம்பேத்கர் 1927 டிசம்பரில் மகத் நகரில் பெண்களைத் தனியாகக் கூட்டி உடையைப் பற்றிப் பேசினார். சாதியைக் காட்டிக்கொடுக்கும் விதமாகச் சேலை கட்டாதீர்கள், கனத்த உலோக நகைகளை விடுங்கள், சுத்தமாக நேர்த்தியாக உடுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் கல்லூரிக் குமரிகளில்லை. குடும்பம் நடத்திக்கொண்டிருந்த உழைக்கும் பெண்கள். இங்கே காலனி முனைகளில் நீலக் கோட்டோடு அவர் சிலை நிற்பதற்கும் காரணம் அதுதான். உடை மேலோட்டமான விஷயம் என்று அந்தச் சிலைக்குக் கீழே நின்றுகொண்டு யாரும் பேச முடியாது. சாதியின் பேரால் விதித்த உடைத் தடைகளை இன்று வெளிப்படையாகச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். வயதின் பேரால் விதிக்கும் தடையை மட்டும் வெட்கமே இல்லாமல் அறிவுரையாகச் சொல்கிறார்கள். ‘உனக்கு இது கூடாது’ என்ற தொனி இரண்டிலும் ஒன்றுதான்.

நடுவயது நெருக்கடி என்ற வாதத்துக்கு அதிக நேரம் தேவையில்லை. 1965இல் எலியட் ஜாக்ஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் எழுதிய கட்டுரை அந்தச் சொல்லைப் பரப்பியது. அவர் எடுத்துக்கொண்டது ஐரோப்பிய ஓவியர்கள், இசையமைப்பாளர்கள், எழுத்தாளர்களின் வாழ்க்கையை. முப்பத்தைந்து வயதில் மரணபயம் வந்து படைப்பு தடுமாறும் மேதைகளைப் பற்றிய அந்தச் சிந்தனைக்கும், கடன் அடைந்த சந்தோஷத்தில் கரும்பச்சைக் குர்த்தா வாங்கும் செக்கிங் அம்மாவுக்கும் என்ன சம்பந்தம்? அவர் நெருக்கடியிலிருந்து வெளியே வந்திருக்கிறார். அவர் நெருக்கடியில் கிடந்த இருபது ஆண்டுகளில், இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிற யாரும் அவரை விசாரிக்கவில்லை.

பணம் வீண் என்ற வாதத்துக்கும் அதிக நேரம் வேண்டாம். மகள் கல்யாணத்துக்கு ஆரணிப் பட்டும் காஞ்சிப் பட்டும் கடன் வாங்கி எடுத்தால் யாரும் வாய் திறப்பதில்லை. நாத்தனாருக்குச் சீர், சம்பந்திக்குத் துணி, மொய்க்குப் புடவை என்று பீரோ நிறைய வாங்கிக் கொடுத்தாலும் கேள்வி இல்லை. தனக்கென்று ஒன்றை எடுக்கும்போதுதான் சிக்கனம் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. உடையை அறிந்தவர்கள் குறைவாகத்தான் வாங்குகிறார்கள் என்பதை இந்த ஊர்க் கடைகளிலேயே பார்க்கலாம். நெடுஞ்சாலையோரம் ஏற்றுமதி மிச்சம் விற்கும் ஷூ கடைகளில் வெளியூர்க்காரர் பளபளப்பைப் பார்த்து இரண்டு ஜோடி அள்ளிக்கொண்டு போகிறார். உள்ளூர்க்காரர் ஷூவை வளைத்து, மடிப்பில் தோல் மெல்லிய சுருக்கமாக விழுகிறதா, மேல்பூச்சு வெடிக்கிறதா என்று பார்க்கிறார். உள்ளே விரலை விட்டு, உள்தோல் தோலா ரெக்ஸினா என்று தடவுகிறார். அடி தைத்ததா ஒட்டியதா என்று திருப்பிப் பார்க்கிறார். பிறகு ஒன்றை எடுக்கிறார், அல்லது எதையும் எடுக்காமல் கிளம்புகிறார்.

கடைசி வாதம்தான் கனமானது. அதை நான் மதிக்கிறேன். ‘உலகத்தின் உடை மோகம்தான் பாலாற்றைக் கொன்றது. அந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு அலங்காரத்துக்கு வக்காலத்து வாங்கலாமா?’ என்று சூழலியல் நண்பர்கள் கேட்கிறார்கள். ஆற்றுக்கு நேர்ந்தது எல்லோரும் அறிந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஆழமாக ஊன்றியதற்கு இந்த வட்டாரத்தின் கிணறுகள் கெட்டது காரணமாக இருந்தது. ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31 அன்று கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டுக்காகவும் பாலாற்றின் சீரமைப்புக்காகவும் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

இதில் எதையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் குற்றப்பத்திரிகையில் யார் பெயரை எழுதுகிறோம் என்று பாருங்கள். ஆற்றைக் கெடுத்தது சுத்திகரிக்காமல் விட்ட குரோமியக் கழிவு. அதை அனுமதித்த நிர்வாகம். விலையைக் கீழே அழுத்திக்கொண்டே சீசனுக்குச் சீசன் மாடலை மாற்றச் சொல்லும் வெளிநாட்டுக் கொள்முதல். தன் வீட்டுக் குழாயில் உப்புத் தண்ணீர் பிடித்துக்கொண்டு, ரப்பர் செருப்புப் போட்டு வேலைக்குப் போய், அடுத்தவர் குளிருக்குத் தோல் ஷூ தைத்து அனுப்புகிறவள் அந்தப் பட்டியலில் இல்லை. இழப்பின் விலையை அவள் ஏற்கெனவே கட்டிவிட்டாள். அழகையும் அவளையே துறக்கச் சொல்வது இரட்டை வசூல்.

அவளுக்கு வந்திருக்கும் ஆர்வம் ஆற்றுக்கு எதிரியுமில்லை. தூக்கியெறியும் பழக்கம் துணியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களிடம்தான் வளர்கிறது. தையலை உள்பக்கம் திருப்பிப் பார்க்கிறவள், பிய்ந்ததைத் தைத்துப் போடுகிறாள். பஸ் ஸ்டாண்டு ஓரம் உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைக்கிறவரிடம் அடி மாற்றிக்கொள்கிறாள். குடியாத்தம் தறியில் நெய்த பருத்தி எத்தனை சலவை தாங்கும் என்று கணக்கு வைத்திருக்கிறாள். பத்து வருஷம் உழைக்கிற பொருளை மதிக்கத் தெரிந்த மனிதர்கள் பெருகினால் சீசன் வியாபாரம் தானே இளைக்கும். அந்த மதிப்பு இளமையில் வருவதைவிட நடுவயதில்தான் உறுதியாக வருகிறது.

ஆகவே வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அம்மா நாற்பத்தெட்டு வயதில் மிளகாய்ச் சிவப்பில் சேலை கேட்டால், ‘யாருக்குக் காட்ட?’ என்று கேட்காதீர்கள். அப்பா சட்டையின் தோள் சரியாக விழவில்லை என்று இரண்டாம் முறை தையல்காரரிடம் போனால் சிரிக்காதீர்கள். குரோமியமும் சுண்ணாம்பும் ஊறிய கையோடு பஸ்ஸில் ஏறும்போது பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்தி நகர்ந்த அவமானத்தை முப்பது வருஷம் விழுங்கியவர் அவர். ஞாயிற்றுக்கிழமை குளித்து, சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டையில், அத்தர் தடவிக்கொண்டு தெருவில் இறங்குகிறார் என்றால், அவர் தன் மரியாதையைத் தானே எடுத்துக்கொள்கிறார். துணிக்கடைக்காரர்களுக்கும் சொல்கிறேன்: வயதைக் கேட்டு ரேக்கைக் காட்டும் வழக்கத்தை விடுங்கள். உங்கள் கடையில் தையலைப் படிக்கத் தெரிந்த வாடிக்கையாளர் அந்த அம்மாதான். கம்பெனி முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: லைனில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணின் அகன்ற பாதத்துக்கு ஒரு நல்ல செருப்பு செய்ய, உங்கள் கட்டிங் மேசையிலும் ஸ்டிட்சிங் லைனிலும் எல்லாத் திறமையும் இருக்கிறது. அதைச் செய்து கொடுங்கள்.

செய்கிறவருக்கு இல்லாத அழகு, வாங்குகிறவருக்கு மட்டும் எப்படிச் சொந்தமாகும்? நாற்பதுக்கு மேல் உடையில் ஆர்வம் வந்த ஒவ்வொரு தோல் தொழிலாளியும், ஒவ்வொரு ஷூ கம்பெனிப் பெண்ணும் கேட்பது அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு ‘உன் வயசென்ன’ என்பது பதிலாகாது.